கொத்தவரை விதையும் ஒரு குவளைத் தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐஸ்கிரீம் பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் 412 என்றோர் எண் இருப்பதைப் பார்த்து, 'இது என்ன ரசாயனம்?' என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பருப்பு உசிலி செய்கிறோமே, அந்தக் கொத்தவரங்காயின் முற்றிய விதையிலிருந்து வரும் மாவுதான் அது. வடக்கே அச்செடிக்குக் குவார் என்று பெயர். ராஜஸ்தானில் ஜோத்பூர், பிகானேர் பக்கத்து மானாவாரி மணல் நிலங்களில் பெரும்பாலும் விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். விதையை உடைத்துத் தோலையும் முளையையும் நீக்கியபின் எஞ்சும் வெண்பகுதியை அரைத்தால் குவார் பிசின் கிடைக்கும். நீக்கியவை மாட்டுத் தீவனமாகும்.

உணவியல் ஆசிரியையாக நான் சேர்ந்த புதிதில், மாணவிகள் முன்னிலையில் ஒரு கரண்டி குவார் மாவைக் குவளைத் தண்ணீரில் அப்படியே கொட்டினேன். நெல்லிக்காய் அளவில் கட்டிகள் மிதந்தன. ஒன்றைப் பிளந்து பார்த்தால், வெளியே கொழகொழப்பு, உள்ளே நனையாத மாவு. எத்தனை கலக்கியும் கரையவில்லை. ஆய்வுக்கூட உதவியாளர் அம்மாள் சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரையில பிசிறித் தூவுங்கம்மா" என்றார். அப்படியே செய்தேன், அடுப்பில் ஏற்றாமலே, பச்சைத் தண்ணீரிலேயே, கஞ்சிபோல் திரண்டுவிட்டது. சோளமாவு கொதித்தால்தான் கெட்டியாகும் என்பது உங்களுக்குத் தெரியும்; இதற்கு வெப்பமே வேண்டாம். அந்த நனையாத கட்டியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் அதனிடம் வருவேன்.

தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதே இப்பிசினின் ஒரே வித்தை. ஐஸ்கிரீமில் நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவாகச் சேர்த்தாலே, தண்ணீர் பெரிய பனித்துகள்களாகத் திரண்டு நாக்கில் நறநறப்பது குறைகிறது. கோதுமை ஆகாதவர்களுக்கான ரொட்டியில், பசையம் (கோதுமை மாவை இழுபடும்படி பிணைக்கும் புரதம், குளூட்டன்) செய்யும் வேலையில் ஒரு பகுதியை இது ஏற்றுக்கொள்கிறது.

வயிற்றுக்குள்ளும் அதே வித்தைதான். நம் செரிமான நொதிகளால் இதன் சர்க்கரைச் சங்கிலியை அறுக்க முடியாதென்பதால் இது நார்ச்சத்தாகிறது. உணவுக் கூழைக் கெட்டியாக்கி, சாப்பிட்டபின் இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுவதை மட்டுப்படுத்துகிறது. பெருங்குடலை அடைந்தபின் அங்குள்ள நுண்ணுயிர்கள் இதைப் புளிக்கச் செய்கின்றன. அளவு மிஞ்சினால் வயிறு உப்புசம் கொள்வது அதனால்தான்.

இப்போது அந்தக் கட்டி. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டையொட்டி, உடல் மெலியவென்று விற்ற குவார் மாத்திரைகள் சிலருக்கு உணவுக்குழாயிலேயே ஊறிப் பருத்து அடைத்துக்கொண்டன. அதன்பின் அந்நாட்டு அரசு அத்தகைய விற்பனையைத் தடுத்தது. ஐஸ்கிரீமில் இருப்பது ஏற்கெனவே தண்ணீர் குடித்து நிறைந்த பிசின். மாத்திரையில் இருந்ததோ தாகத்தோடு வந்த பிசின். ஆகவே 412 என்ற எண்ணுக்கு அஞ்ச வேண்டாம். உலர்ந்த மாவை அப்படியே விழுங்கத்தான் அஞ்ச வேண்டும். நார்ச்சத்தென்று பொடியாக வாங்குபவர்கள் நிறையத் தண்ணீரில் முழுதும் கரைத்தே பருகுங்கள். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களும் சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

விவசாயிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் அமெரிக்கக் கிணறுகளுக்கு இதே பிசின் தேவைப்பட்டதால் விதையின் விலை தாறுமாறாக ஏறி, 2012 மார்ச்சில் அதன் முன்பேர வணிகத்தையே (பின்னால் கைமாறும் சரக்குக்கு இப்போதே விலை பேசுவதை) இந்தியாவில் நிறுத்திவைக்க நேர்ந்தது என்பதோடு விடைபெறுகிறேன். வணக்கம்.