கை போன போக்கில் போடுவதா கோலம்?

நடுவர் அவர்களே, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"தீபாவளிக் கோலம்: வெறும் கேளிக்கையா, கவனம் கேட்கும் கலையா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் எழுந்ததும் கேட்டார்: "கூட்டி அள்ளப் போகிற அரிசிக்கு எதற்கம்மா இத்தனை மெனக்கெடல்? ஜாலியாகப் போட்டுவிட்டுப் போவோமே!" அந்த அரிசியிலிருந்தே தொடங்குகிறேன், ஐயா.

பேரங்காடித் தரையில் 10 அடி விட்டத்தில் வண்ண அரிசிக் கோலம் போட 10 முதல் 15 கிலோ பச்சரிசி பிடிக்கும். அதற்குக் கொஞ்சம் உணவுச் சாயம், கொஞ்சம் வினிகர். பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை முறுக்கிப் பிடித்துக் குலுக்க வேண்டும். சீக்கிரம் பிடிக்கட்டுமே என்று தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது: அரிசியின் மாவு கரைந்து மணிகள் ஒட்டிக்கொள்ளும், சாயம் தரையில் இறங்கும். அக்டோபர், நவம்பரில் கோலாலம்பூரில் மாலையானால் மழை. தாளில் மெல்லியதாகப் பரப்பிக் காற்றாடிக்கு அடியில் ஓர் இரவு முழுக்க விட்டால்தான் ஊசல் வாடை வராது.

அடுத்து வட்டம். நடுவில் ஒருவர் நூலை அழுத்திப் பிடிக்க, மறுநுனியில் சாக்பீஸ். வரைந்த பிறகு அதே நூலளவை வட்டத்தின் மேல் ஆறு முறை எடுத்து வைத்தால் ஆறு இதழுக்கும் புள்ளி கிடைத்துவிடும். நைலான் நூல் வேண்டாம். இழுத்தால் நீளும், ஐந்து இதழ் பரந்து, ஆறாவது சூம்பிப் போகும். அரிசியை நடுவிலிருந்து வெளியே நிரப்ப வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் போட்டதன் மேலேயே முட்டி போட வேண்டி வரும். மஞ்சளில் பச்சை சிந்தினால் மணி மணியாகப் பொறுக்க முடியாது, அந்தப் பகுதியையே வழித்தெடுக்க வேண்டும். ஜாலியாக வந்து ஒருவர் கைதவறிக் கொட்டுவது, காலையிலிருந்து மண்டியிட்டிருக்கும் அக்காவின் மூன்று மணி நேர உழைப்பு!

கோலம் வாசலோடு போகிற சமாச்சாரம் என்றார்கள் எதிரணியினர். சென்னைத் தாம்பரத்தின் ஆய்வாளர்களான கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனோடு சேர்ந்து, அந்த வாசல் கோலத்தின் வடிவத்தைப் படிப்படியாக உருவாக்கும் விதிகளை, அதாவது ஒரு கணினி இலக்கணத்தை வகுத்து 1974இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். நம் பாட்டிமார் புள்ளி வைத்து இழுத்த சிக்குக் கோடு அது.

கடைசியாக, கூட்டி அள்ளுவது. அதையும்தான் எதிரணி லேசாகச் சொல்லிவிட்டுப் போனது. சாய அரிசியை முதலில் காய்ந்த துடைப்பத்தால் ஒட்டக் கூட்ட வேண்டும். ஈர மாப் முதலில் பட்டால் சிவப்பும் நீலமும் கல்லிடுக்கில் ஊறிவிடும். அதை உட்கார்ந்து தேய்க்கப் போவது கோலம் போட்டவர் அல்ல, மறுநாள் விடியற்காலை வேலைக்கு வரும் துப்புரவுப் பணியாளர். நடுவர் அவர்களே, அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, துடைப்பத்தோடு தாங்களே திரும்பி வந்து அள்ளிக்கொடுக்கும் குழுவுக்குக் கோலப் போட்டியில் தனி மதிப்பெண் போட வேண்டும் என்று எங்கள் அணி கேட்கிறது. நன்றி, வணக்கம்.