இரட்டை மாடிப்படி: பெரிய குடும்ப வீட்டுக்கு ஒத்து வருமா?

[காட்சி: உயரமான ஹால். எதிரே அகலமான படிக்கட்டு மேலேறி, நடுவில் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் திரும்புகிறது]

வீடு கட்டப் போகிறவர்கள் என் முன்னால் நீட்டுகிற போன் படங்களில் இந்தப் படிக்கட்டு அடிக்கடி வரும். "நம்ம வீட்டுக்கும் இப்படி வேணும்." வீடு பெரியது, மனை பெரியது, ஆட்களும் நிறைய. அப்புறம் ஏன் கூடாது?

அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பழைய சினிமாவில் ஜமீன் பங்களா என்றால் இந்தப் படி இருக்கும். பெரிய மனிதர் மேலிருந்து இறங்கி வருவார், கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அது செட். மேலே அறைகள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, நிஜத்தில் இந்தப் படி எதற்காக வந்தது? ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் என்ற ஊரில் ஓர் அரண்மனை இருக்கிறது. பல்தசார் நொய்மான் வடிவமைத்தது.

[காட்சி: வூர்ட்ஸ்பர்க் அரண்மனைப் படிக்கூடம்]

அங்கே விருந்தாளியின் குதிரை வண்டி தரைத்தளத்துக்குள்ளேயே வந்து திரும்பும். வரவேற்பு மண்டபங்களோ மாடியில். வந்தவர் இறங்கி, ஒற்றைப் படியில் ஏறி, நடு மேடையில் திரும்பி, பிரிந்த படிகளில் ஒன்றில் மேலே போக வேண்டும். ஏற ஏற, தலைக்கு மேல் இத்தாலிய ஓவியர் டியபோலோ 1752, 53-இல் தீட்டிய ஓவியம் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். அந்த விதானம் சுமார் 30 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம். விருந்தாளியை மேலே அழைத்துப் போவதுதான் அந்தப் படியின் வேலை.

நம் வீட்டில் விருந்தாளி எங்கே உட்காருகிறார்? கீழே, ஹாலில். சாப்பாடு கீழே, பூஜை அறை கீழே. மாடியில் படுக்கையறைகள். அங்கே வீட்டு ஆட்கள்தான் போவார்கள். அப்படியென்றால், விருந்தாளி ஏறவே போகாத ஒரு படிக்கு வீட்டின் நடுவையே கொடுக்கிறோம். எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

காரைக்குடிப் பக்கம் நான் பார்த்த செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு, வளவு (தூண்கள் சூழ்ந்த நடு முற்றம்), இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் இடம் இருந்தும், மாடிப்படி ஒரு ஓரத்தில் குறுகலாக ஒதுங்கியிருந்தது. தூணுக்கும் வளவுக்கும் அள்ளிச் செலவு செய்தவர்கள் படிக்குச் செய்யவில்லை. கல்யாணமும் சடங்கும் வளவைச் சுற்றித்தானே நடந்தன!

இப்போது கணக்குப் போடலாம்.

[காட்சி: வரைபடம், அளவுகள் ஒவ்வொன்றாக]

தளத்துக்குத் தளம் 11 அடி உயரம். படிக்கு 6 அங்குலம் வைத்தால் 22 ஏற்றம். பாதியில் லேண்டிங். அதுவரை 11 ஏற்றம், கால் வைக்க 10 படி. கால் வைக்கிற அகலம் 11 அங்குலம் என்றால் ஒரு வரிசை 9 அடி 2 அங்குலம் ஓடும். நடுப்படி 5 அடி, இரு கைகளும் (பிரிந்து மேலேறும் படிகள்) 4 அடி வீதம், இடைவெளியும் சேர்த்து 14 அடி அகலம். லேண்டிங் 5 அடி. மொத்தம் கிட்டத்தட்ட 200 சதுர அடி. சாதாரணமாகத் திரும்பி ஏறும் 4 அடிப் படிக்கு 110 போதும்.

வித்தியாசம் 90 சதுர அடிதானே என்று நினைக்க வேண்டாம். மேல்தளத்திலும் அதே அளவு திறப்பு விட வேண்டும். படியின் முன்னால் நின்று பார்க்க 6 அடியாவது காலியாக வேண்டும், இல்லையென்றால் கதவைத் திறந்ததும் படி முகத்தில் இடிக்கும். எல்லாம் சேர்ந்து கூடுதலாகச் சுமார் 250 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டில் இரண்டு அறைகள்!

வளைந்த கைகள் கேட்பவர்களுக்கு இன்னொன்று. உட்பக்க ஆரம் 6 அடி, படி அகலம் 4 அடி என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 11 அங்குலம் கால் வைக்க இடம் கொடுத்தால், உட்பக்கம் 8¼ அங்குலமாகச் சுருங்கும், வெளிப்பக்கம் 13¾ ஆகும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்குச் சொல்லும், கால் வைக்கிற இடத்தின் குறைந்தபட்ச அகலம் 250 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 10 அங்குலம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்புறமாக இறங்கும் பாட்டிக்குக் குதிகால் நிற்காது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வளைவு வேண்டுமென்றால் ஆரத்தைப் பெரிதாக்குங்கள், இல்லை நேராகப் போடுங்கள்.

வளைந்த படிக்கு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பு) அடிப்பதே தனி வேலை. கான்கிரீட் பலகை முறுக்கு விசையையும் தாங்க வேண்டும் என்பதால், கம்பிக் கணக்கை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் போட்டுக் கொடுக்காமல் கொத்தனார் அனுபவத்தில் விடக்கூடாது. கிரானைட்டையும் அச்சு எடுத்துத்தான் வெட்ட வேண்டும்.

வாஸ்து பார்க்கும் குடும்பத்தில் சிக்கல் வேறு. வீட்டின் நடு பிரம்மஸ்தானம், அங்கே பாரம் கூடாது என்பார்கள். வாசலுக்கு நேர் எதிரே படி கூடாது என்பார்கள். இந்தப் படியோ இரண்டு இடத்தையுமே கேட்கும். முதலிலேயே பெரியவர்களிடம் பேசிவிடுங்கள்; அஸ்திவாரம் போட்ட பிறகு வரும் சண்டையைப் பார்த்திருக்கிறேன்.

[காட்சி: மாடி வரைபடம், இடமும் வலமும் இரண்டு வண்ணங்கள்]

ஆனாலும் ஒரு குடும்பத்துக்கு இதை நான் மனமாரச் சொல்வேன். அண்ணன் குடும்பம் மாடியில் ஒரு பக்கம், தம்பி குடும்பம் இன்னொரு பக்கம், கீழே பொதுச் சமையல், அப்பா அம்மா. அங்கே ஒவ்வொரு கைக்கும் போகிற இடம் உண்டு. ராத்திரி தாமதமாக வரும் தம்பி அண்ணன் அறை வாசலைக் கடக்க வேண்டியதில்லை. குழந்தைகள் லேண்டிங்கில் சந்திப்பார்கள். அந்த லேண்டிங்கில் ஒரு பெரிய ஜன்னலும், உட்கார ஒரு திண்ணையும் வையுங்கள். வீட்டிலேயே ஆட்கள் அதிகம் உட்காரும் இடம் அதுவாகிவிடும். மாடியில் எல்லா அறைகளும் ஒரே பக்கம் என்றால், சமையலறைக்கு அருகில் இருக்கும் கையில்தான் எல்லாரும் ஏறுவார்கள். மற்றது துணி காயப்போட உதவும்.

முடிவு எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். மனையில் கோலமாவால் படியை முழு அளவில் வரையுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கோடு. வாசல், சோபா, சாப்பாட்டு மேசைக்கும் கோடு போடுங்கள். வீட்டில் மூத்தவரைக் கூட்டி வந்து அந்தக் கோடுகளில் நடக்கச் சொல்லுங்கள். லிப்டுக்கு 5-க்கு 5 அடி ஒதுக்க இடம் மிஞ்சுகிறதா என்று அப்போதே அளந்துவிடுங்கள்.