தலை தட்டாத படி

அப்பாயியின் ஓராண்டு நினைவு நாளில், படத்தைத் திறந்து வைத்துப் பேத்தி பேசியது.

பெரியவர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

படத்தில் இருப்பது எங்கள் அப்பாயிதான். முகத்தில் சிரிப்பு இல்லை, அதுதான் ஒட்டவில்லை. ஆதார் அட்டைக்கு எடுத்த படம் இது. வேறு படம் கிடைக்குமா என்று கல்யாண ஆல்பங்களை எல்லாம் புரட்டினோம். எதிலும் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் நிற்கிறது.

தன் வயசை அப்பாயி எண்ணிச் சொன்னதில்லை. “ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பு அள்ள வந்தப்ப நான் கைப்புள்ள” என்று சொல்லும். அது 1930. மிச்சக் கணக்கை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்பாயியிடம் ஓர் இரும்புப் படி இருந்தது. எட்டு ஆழாக்குப் படி. ஊரே கிலோவுக்கு மாறிய பிறகும் அதை விடவில்லை. அரிசி கடன் கேட்டு யாராவது வந்தால் கூம்பாகக் குவித்து அளக்கும், விளிம்பில் நாலு மணி சிந்துகிற வரைக்கும். அவர்கள் திருப்பிக் கொண்டுவரும்போது உள்ளங்கையால் தலை தட்டி, வழிந்ததை அவர்கள் பையிலேயே தள்ளிவிடும். தாத்தாவுக்கு எரிச்சல். “இப்படி அளந்தா பத்தாயம் எப்படி நெறயும்?” என்பார். “நெறஞ்சா எலிதான் திங்கும்” என்று பதில் வரும்.

குறையே இல்லாத மனுஷி என்று சொல்ல மாட்டேன். மீன் குழம்பு வைத்தால் பேரன்களுக்கு நடுத்துண்டு, பேத்திகளுக்கு வால். இதை நேரிலேயே கேட்டிருக்கிறேன். “நீ போற வீட்டுல திம்ப” என்றது. கல்யாணமாகி முதல் தடவை வந்தபோது என் இலையில் நடுத்துண்டு விழுந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்ததால்தானோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

பேரப்பிள்ளை பிறக்கும்போதெல்லாம் கொல்லையில் ஒரு தென்னங்கன்று வைக்கும். பதினொரு பிள்ளைகள், பதினொரு மரம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்ததில் ஒன்பது போய்விட்டது. ஊரில் கரண்ட் இல்லை, போன் இல்லை. திருச்சியிலிருந்து பாதி பஸ், பாதி நடை என்று மூன்றாம் நாள் நான் வந்து சேர்ந்தேன். அழுதுகொண்டிருக்கும் என்று நினைத்து வந்தால், கொல்லையில் தெருப்பிள்ளைகள் வட்டம் கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். விழுந்த மரத்தின் கொண்டையைப் பிளக்கச் சொல்லி, வெள்ளைவெளேரென்று இருந்த குருத்தை அரிவாள்மணையில் துண்டு போட்டுக்கொண்டிருந்தது அப்பாயி. எண்பத்தெட்டு வயசில். “எழுபத்தேழு புயல்லயும் இதத்தான் தின்னோம். இது ஒன் மரம்தான், இந்தா” என்று ஒரு துண்டை நீட்டியது. இளநீர் வழுக்கையின் இனிப்பு, கொஞ்சம் நறுக்கென்று இருந்தது. என் மரத்தில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு துண்டுதான். மிச்சம் முழுக்கப் பிள்ளைகளுக்கு.

இன்று காலை அடுத்த தெருவிலிருந்து ஒரு அம்மா முந்தானையில் அரிசி முடிந்துகொண்டு வந்தார். எப்போதோ வாங்கிய ஒரு படியாம். எங்களுக்கு அந்தக் கணக்கே தெரியாது. அப்பா உள்ளேயிருந்து அந்த இரும்புப் படியை எடுத்து வந்தார். அந்த அம்மா கூம்பாகக் குவித்துக் கொட்டினார். பழக்கத்தில் அப்பாவின் கை வழிக்கப் போனது.

“இருக்கட்டும் தம்பி, இன்னிக்கி வழிக்காதே” என்றார்.

அந்த அரிசிதான் இப்போது பின்கட்டில் உலையில் கிடக்கிறது.