ஆயுதத்தைக் கீழே வைத்தால்தான் பேச்சா?

(டர்பன் சாட்ஸ்வொர்த்தில் தமிழ் மாலை வகுப்புகளின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசைகளை நிறைத்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தன் குடிமக்களைக் கொன்ற ஆயுதக் குழுவோடு ஓர் அரசு பேச்சுவார்த்தை நடத்தலாமா என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நடத்தத்தான் வேண்டும் என்பது என் கட்சி. அதைக் கடைசிவரை ஒளித்து வைத்திருப்பதில் எனக்கு விருப்பமில்லை. "முதலில் ஆயுதத்தைக் கீழே வை, பிறகு பேசலாம்" என்று அரசுகள் வழக்கமாக விதிக்கும் நிபந்தனையைத்தான் இன்று முக்கியமாக எடுத்துக்கொள்ளப் போகிறேன். பேச்சு நல்லபடியாக முடிந்தால் கிடைக்க வேண்டிய பலனைப் பேச்சு தொடங்கும் முன்பே கேட்கும் அந்த நிபந்தனை, பேசாமல் இருப்பதற்கு ஒரு சாக்காகவே பெரும்பாலும் பயன்பட்டிருக்கிறது. இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை.

ஆனால் நம் தென்னாப்பிரிக்காவின் கதையைச் சொல்லும்போது அதன் கசப்பான பகுதியை விழுங்கிவிட்டுச் சொல்வது நேர்மையாகாது. 1985 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் இருக்கையில், இங்கிருந்து தெற்கே உள்ள அமன்சிம்டோட்டியில், மக்கள் கூட்டம் மொய்த்த ஒரு கடை வளாகத்தின் குப்பைத் தொட்டிக்குள் வைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அதை வைத்தவர், நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசின் ஆயுதப் பிரிவான உம்கொன்டோ வெ சிஸ்வேயைச் சேர்ந்த ஆண்ட்ரூ சோண்டோ என்ற 19 வயது இளைஞர். மூன்று நாட்களுக்கு முன் நிறவெறி அரசின் ஆட்கள் லெசோத்தோவின் மசேரு நகருக்குள் புகுந்து ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றதற்குப் பதிலடி அது. எச்சரிக்கை கொடுக்க அஞ்சலகத்துக்குப் போனதாகவும், அங்கே எல்லாத் தொலைபேசிகளிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்ததாகவும் அவர் நீதிமன்றத்தில் சொன்னார். 1986 செப்டம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். இன்று அமன்சிம்டோட்டியின் முதன்மைச் சாலைக்கு அவர் பெயர். அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டு பெருமைப்படுவோரும் உண்டு, வயிறு எரிவோரும் உண்டு. அதே 1986 ஜூனில் டர்பன் கடற்கரையில் ஒரு மதுக்கூடத்துக்கு வெளியே வெடித்த கார் குண்டு மூன்று பெண்களைக் கொன்றது. இந்த அவையில் அந்த இரவை நினைவில் வைத்திருப்பவர்கள் சிலராவது இருப்பார்கள்.

ஆகவே, "நம் போராளிகள் வேறு, மற்றவர்கள் பயங்கரவாதிகள்" என்ற சௌகரியமான வாதத்தை நான் கையில் எடுக்கவில்லை. அன்றைய பிரிட்டன் பிரதமர் தாட்சர் அம்மையார் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசைப் பயங்கரவாத அமைப்பு என்றே குறிப்பிட்டார். அமெரிக்காவின் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து மண்டேலாவின் பெயரை நீக்க 2008 வரை ஆயிற்று. அமன்சிம்டோட்டியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்தப் பட்டியலில் எந்தப் பிழையும் தெரிந்திருக்காது. கேள்வியின் முழுக் கனத்தையும் ஏற்றுக்கொண்டுதான் விடை சொல்ல வேண்டும்.

இனி அந்த நிபந்தனைக்கு வருகிறேன். 1985 ஜனவரி 31 அன்று அதிபர் பி. டபிள்யூ. போத்தா நாடாளுமன்றத்தில், வன்முறையை நிபந்தனையின்றிக் கைவிடுவதாக மண்டேலா அறிவித்தால் அவரை விடுவிப்பதாகச் சொன்னார். பதில் பத்து நாள் கழித்து, சொவெட்டோவின் ஜபுலானி மைதானத்தில், மண்டேலாவின் மகள் சிண்ட்சியின் வாயால் வந்தது. சுதந்திரமாக இருப்பவன்தான் பேரம் பேச முடியும், கைதி ஒப்பந்தம் செய்ய முடியாது என்பது அதன் சாரம். பத்திரிகைகளில் கதை அத்தோடு முடிந்துபோனது. திரைக்குப் பின்னால் அதே ஆண்டு என்ன நடந்தது தெரியுமா? அறுவைச் சிகிச்சைக்காகக் கேப்டவுன் மருத்துவமனையில் மண்டேலா படுத்திருந்தபோது, நீதி அமைச்சர் கோபி குட்சியே, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், உடல்நலம் விசாரிக்க வருபவரைப் போல அறைக்குள் நுழைந்தார். மேடையில் நிபந்தனை, மருத்துவமனையில் நலம் விசாரிப்பு! அரசுகள் எப்போதும் இப்படித்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நம்பிக்கை தரும் செய்தியாகவே சொல்கிறேன்.

மண்டேலாவின் பக்கமும் எளிதாக இருக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் அவரைத் தோழர்களிடமிருந்து பிரித்து போல்ஸ்மூர் சிறையின் கீழ்த்தளத்தில் தனியே வைத்தார்கள். அந்தத் தனிமையையே வாய்ப்பாக்கிக்கொண்டு, மேல்தளத்தில் இருந்தவர்களிடம் சொல்லாமலேயே அவர் அரசோடு தொடர்பு கொண்டார். பிறகு சொன்னபோது, இதை அரசே தொடங்கியிருக்க வேண்டும் என்றார் வால்டர் சிசுலு. அகமது கத்ராடா நேரடியாகவே எதிர்த்தார். ரேமண்ட் முலாபா, இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று கேட்டார். ஜாம்பியாவின் லுசாகாவில் இருந்த இயக்கத் தலைவர் ஆலிவர் தம்போவோ, என்னதான் பேசுகிறீர்கள் என்று சுருக்கமாக ஒரு குறிப்பு அனுப்பினார். தன் தலைவன் எதிரியிடம் விலைபோய்விட்டானோ என்ற ஐயம், எந்த ஆயுத இயக்கத்திலும் முதல் தொடர்பு ஏற்பட்ட நாளிலேயே முளைக்கும். அந்த நேரத்தில் அவன் கையில் இருக்கும் ஒரே சீட்டையும் போட்டுவிட்டு வரச் சொன்னால், அவன் வரும்போது பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். ஆள் யாரும் பின்தொடராத தலைவனோடு ஒப்பந்தம் செய்து அரசுக்கு என்ன பயன்?

1988 மே மாதத்திலிருந்து, தேசியப் புலனாய்வுத் துறையின் தலைவர் நீல் பர்னார்ட் உள்ளிட்ட ஒரு சிறு குழு மண்டேலாவைத் தொடர்ந்து சந்தித்தது. அவர்கள் கேட்டவை மூன்று: வன்முறையைக் கைவிட வேண்டும், கம்யூனிஸ்ட் கட்சியின் உறவை முறிக்க வேண்டும், பெரும்பான்மை ஆட்சி என்ற கோரிக்கையை விட வேண்டும். மூன்றுக்கும் அவர் இல்லை என்றே சொன்னார். மூன்றுக்கும் இல்லை என்றவரைத்தான் 1989 ஜூலை 5 அன்று போத்தாவின் மாளிகைக்கு ரகசியமாக அழைத்துப் போனார்கள். சிறையில் இத்தனை ஆண்டு டை கட்டிப் பழக்கம் விட்டுப்போனதால் சிறை அதிகாரி ஒருவர் அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டார். அதிபரின் அறை வாசலில், காலணிக் கயிறு ஒழுங்காகக் கட்டப்படாததைக் கண்ட பர்னார்ட், நாட்டின் உளவுத்துறைத் தலைவர், மண்டியிட்டு அதைக் கட்டினார். உள்ளே போத்தா தம் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அரசியல் கைதிகள் அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்று மண்டேலா கேட்டார். முடியாது என்றார் போத்தா. அரை மணி நேரம்கூட நீடிக்காத அந்தச் சந்திப்பில் எதுவும் முடிவாகவில்லை. ஆனாலும் அதன் பிறகு, இவர்களோடு பேசவே முடியாது என்று அந்த அரசில் யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாமற்போனது.

நாட்களின் வரிசையைக் கவனியுங்கள். 1990 பிப்ரவரி 2 அன்று, போத்தாவுக்குப் பின் அதிபரான டி கிளர்க், ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் மீதிருந்த தடையை நீக்கினார். மே 4 அன்று இரு தரப்புக்கும் இடையே குரூட்டே ஸ்கியூர் உடன்பாடு. ஆயுதப் போராட்டத்தை நிறுத்திவைப்பதாக ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் அறிவித்தது ஆகஸ்ட் 6 அன்று, பிரிட்டோரியா உடன்பாட்டில். நிறுத்திவைத்தார்களே தவிர, ஆயுதங்களை ஒப்படைக்கவில்லை. இரண்டு உடன்பாடுகளுக்கும் இடையே, ஜூலையில், நம் டர்பனிலேயே ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசின் "வூலா" என்ற ரகசிய ஆயுதக் கட்டமைப்பு பிடிபட்டது. அதில் இருந்த மாக் மகாராஜும் பிரவீன் கோர்தனும் கைதானார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லிப் பேச்சை முறித்துக்கொள்ள அரசுக்கு அதைவிட நல்ல காரணம் கிடைத்திருக்காது. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் ஜோ ஸ்லோவோவைப் பேச்சுக் குழுவிலிருந்து நீக்குங்கள் என்று கேட்டுப் பார்த்த டி கிளர்க், மண்டேலா மறுத்ததும் அத்தோடு விட்டார். 1991 டிசம்பரில் கெம்ப்டன் பார்க்கில், புதிய அரசமைப்புக்கான பேச்சுவார்த்தையான கோடெசா மாநாடு கூடியபோது, கோர்தன் அதன் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை வகித்தார். மகாராஜ் செயலகத்தில் அரசுத் தரப்பு அதிகாரியோடு சமமாக அமர்ந்தார். இதைச் சந்தர்ப்பவாதம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இது அரசியல் முதிர்ச்சியாகவே படுகிறது.

வட அயர்லாந்தும் இதே வரிசையில்தான் வந்தது. ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவின் அரசியல் பிரிவான சின் ஃபெயினின் தலைவர் ஜெரி ஆடம்சோடு பேசுவதை நினைத்தாலே குமட்டுகிறது என்று 1993 நவம்பரில் பிரிட்டன் பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அதே மாத இறுதியில், அவருடைய அரசே ஐஆர்ஏவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தது வெளியாயிற்று. ஒப்பந்தம் 1998-இல் வந்தது. ஆயுதங்கள் முழுதாகக் கைவிடப்பட்டது 2005-இல். இடைப்பட்ட காலத்தில் ஆயுதக் கிடங்குகளைப் பார்வையிட்டுச் சான்று சொன்ன இருவரில் ஒருவர் நம் சிரில் ராமபோசா.

இப்படிப் பேசினால் வன்முறைக்குப் பரிசு கொடுத்ததாகாதா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த நேட்டால் மண்ணில் நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவர் மான்டி நாயக்கர் போன்றவர்கள் 1961-இல் ஆயுதப் பாதையை ஏற்கத் தயங்கினார்கள். அறவழியிலேயே நின்றவர்களுக்கு மேசையில் இடமில்லாமல், துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மட்டும் நாற்காலி போட்டால் அது அநியாயம். கோடெசாவில் அப்படி நடக்கவில்லை. நேட்டால் இந்தியக் காங்கிரஸ் உட்படப் பல அமைப்புகள் அங்கே உட்கார்ந்தன. பின்னர் பேச்சிலிருந்து வெளியேறி நின்ற, சூலு மக்களின் இன்காத்தா கட்சியையும், தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதாவது, 1994 ஏப்ரல் 19 அன்று உள்ளே கொண்டுவந்தார்கள். அது நடந்திராவிட்டால் நம் மாகாணத்தில் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே நான் துணியமாட்டேன்.

இந்த அவையில் இலங்கையைப் பேசாமல் போக முடியாது. 2002 பிப்ரவரி 22 அன்று நார்வேயின் முயற்சியால் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்லாமலேயே பேச்சு தொடங்கியது. தாய்லாந்தில் தொடங்கி ஜப்பான் வரை ஆறு சுற்றுகள் நடந்தன. டிசம்பரில் ஒஸ்லோவில் கூட்டாட்சித் தீர்வை ஆராய இரு தரப்பும் இசைந்தன. பிறகு ஏன் முறிந்தது? 2003 ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த உதவி நாடுகளின் கூட்டத்துக்குப் புலிகளை அழைக்க முடியவில்லை, ஏனென்றால் அமெரிக்காவில் அவர்கள் தடைசெய்யப்பட்டவர்கள். அதையும் ஒரு காரணமாகக் காட்டி அவர்கள் பேச்சிலிருந்து விலகினார்கள். 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடைவிதித்ததும், கண்காணிப்புக் குழுவிலிருந்த சுவீடன், டென்மார்க், பின்லாந்துக்காரர்கள் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. ஒருவரைத் தடைப்பட்டியலில் வைத்துக்கொண்டே அவரோடு உடன்பாட்டையும் கண்காணிப்பது எப்படி முடியும்? கொழும்பும் தன் பங்கைச் செய்தது. அதிபரும் பிரதமரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

நம்மில் பலர் கேட்க விரும்பாத மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். தாங்களே தமிழரின் ஏகப் பிரதிநிதிகள் என்று புலிகள் பிடிவாதம் பிடித்தார்கள். மற்றத் தமிழ்க் கட்சிகளுக்கு இடமில்லை. 1990-இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பாக நாற்காலி கிடைக்கவில்லை. போர்நிறுத்தக் காலத்திலேயே மாற்றுக் கருத்துடையோர் கொல்லப்பட்டார்கள். சிறுவர்கள் படையில் சேர்க்கப்பட்டார்கள். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் நடந்ததற்கு இவை எவ்வகையிலும் நியாயமாகா. ஆயினும் இரண்டு பேர் மட்டும் அமர்ந்த மேசை எளிதில் கவிழ்ந்ததில் வியப்பில்லை. 2020-இல் தோகாவில் ஆப்கானிஸ்தான் அரசையே வெளியே நிறுத்திவிட்டு அமெரிக்கா தாலிபானோடு கையெழுத்திட்டது இன்னும் மோசம். அடுத்த ஆண்டே காபூல் விழுந்தது.

இன்னொரு செய்தி. 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தடைசெய்யப்பட்ட அமைப்புக்குச் சச்சரவுகளைச் சமாதானமாகத் தீர்க்கும் முறைகளைக் கற்றுக்கொடுப்பதும் குற்றமாகலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்கில் பெயர் சொல்லப்பட்ட அமைப்புகளில் புலிகளும் உண்டு. அந்தத் தீர்ப்பு 1980-களில் ஐரோப்பாவில் நடைமுறையில் இருந்திருந்தால், இங்கிலாந்தின் சோமர்செட்டில் உள்ள ஒரு பழைய மாளிகையில் ஆப்பிரிக்கானர் பேராசிரியர்களும் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரசின் தாபோ உம்பெகியும் ரகசியமாகச் சந்தித்துப் பேச இடம் கொடுத்தவர்களின் கதி என்னவாகியிருக்கும்?

கடைசியாக, நம் வாசலுக்கு வருகிறேன். மொசாம்பிக்கில் ரெனாமோ என்ற கிளர்ச்சிப் படை செய்த கொடுமைகள் உலகறிந்தவை. அதை வளர்த்ததில் ரொடீசியாவுக்கும் (இன்றைய ஜிம்பாப்வே) நம் நிறவெறி அரசுக்கும் பங்கு உண்டு. அந்த ரெனாமோவோடு மொசாம்பிக் அரசு ரோம் நகரில் இரண்டாண்டுக்கு மேல் பொறுமையாகப் பேசி, 1992 அக்டோபர் 4 அன்று சமாதான ஒப்பந்தம் செய்தது. கத்தோலிக்கச் சமூகமான சாந்த் எஜிதியோ இடைநின்றது. இரண்டாண்டில் தேர்தலும் நடந்தது. அதே நாட்டின் வடக்கே காபோ டெல்காடோவில் 2017 அக்டோபரிலிருந்து இஸ்லாமியத் தீவிரவாதக் குழு ஒன்றின் வேறொரு கிளர்ச்சி நடக்கிறது. 2021-இல் தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பிராந்தியப் படையில் நம் வீரர்களும் அங்கே அனுப்பப்பட்டார்கள். 2024-இல் அந்தப் பிராந்தியப் படை திரும்பியது. அங்கே யாரோடு பேசுவது என்று கேட்கிறார்கள். ரெனாமோவுக்குத் தலைவர் இருந்தார், கோரிக்கை இருந்தது. இவர்களுக்கோ உலகம் அறிந்த பேச்சாளர்கூட இல்லை. நியாயமான தடை இது. அதற்காக முயற்சியே வேண்டாம் என்றாகாது. காட்டுக்குள் போன பையன்களின் தாய்மார்களும் மசூதிப் பெரியவர்களும் மொசிம்போவா த பிரயாவிலும் பால்மாவிலும்தான் இருக்கிறார்கள். முதல் தூது அவர்கள் வழியாகத்தான் போக முடியும். அப்படிப் போகிறவரை மறுநாளே கைது செய்யாமல் இருப்பதற்கு மாபுட்டோவிலுள்ள மொசாம்பிக் அரசு சட்டப் பாதுகாப்புத் தர வேண்டும். அங்கே படை அனுப்பிய நாடு என்ற முறையில் அதை வெளிப்படையாகக் கேட்க பிரிட்டோரியாவிலுள்ள நம் அரசுக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.