நடந்து மெலியவில்லை, இஸ்தான்புல் போய் வயிற்றை வெட்டிக்கொண்டு வந்தேன்

வணக்கம் அக்காமார், அண்ணாமார், தம்பி தங்கச்சிமார். எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? முன்பு என் முகமே திரையை நிரப்பிவிடும். இப்போது பின்னால் குசினியும் தெரிகிறது. கழுவாத சட்டிகளைப் பார்க்க வேண்டாம், அது மனைவிக்கும் எனக்கும் நடக்கிற வழக்கு.

இப்போதுதான் சாப்பிட்டு முடித்தேன். ஒரு அவித்த முட்டை, இரண்டு கரண்டி பருப்பு. இனி முப்பது நிமிடத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது. போனில் அலாரம் வைத்திருக்கிறேன், இதோ ஓடுகிறது. அது அடிக்கும் வரை கதைக்கிறேன். இடையில் குரல் கம்மினால் தொண்டை காய்ந்துவிட்டது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதமாக இந்தச் சேனலில் வீடியோ இல்லை. ஈஸ்ட்ஹாமில் எந்தக் கடை ரோல்ஸ் நல்லது, ஹாரோவில் எந்தக் கடைக் கொத்து நல்லது என்று தின்று காட்டின ஆள் நான். "அண்ணை எங்கே போனீங்கள்" என்று கேட்டவர்களுக்குப் பதில் போடவில்லை. என்ன பதில் போடுவது? எடை குறைய, துருக்கியில் இஸ்தான்புல்லுக்குப் போய் இரைப்பையில் பெரும்பங்கை வெட்டி எடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு சாமத்தியவீட்டுக்குப் போனேன். மண்டப வாசலிலேயே ஒரு மாமி பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி, இப்படி வத்திப்போனாய்? சுகர் கூடிப்போச்சோ?" வாயில் வந்தது ஒரு பொய். "இல்லை மாமி, நடக்கிறன். ஒவ்வொரு நாளும் பத்தாயிரம் அடி." அதையே அன்று ஏழெட்டுப் பேருக்குச் சொல்லியிருப்பேன். ஐஸ்கிரீம் வருவதற்குள் எனக்கே அது உண்மை போல் இருந்தது. இரண்டு கிழமை கழித்து ஒன்றுவிட்ட தம்பி போன் எடுத்தான். "அண்ணா, நானும் உங்களைப் போல நடக்கிறன். முழங்கால் வீங்கினதுதான் மிச்சம்." அவன் என்னைவிடப் பருமன்.

அதே கிழமை இன்னொரு தம்பி இன்ஸ்டாகிராமில் எழுதினான். எப்படியோ அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னும் மூன்று கிழமையில் இஸ்தான்புல் போகிறானாம், "பக்கேஜ்" எடுத்துவிட்டானாம், "பயமில்லைத்தானே அண்ணா?" என்று கேட்டான். இந்த இரண்டு பேருக்காகத்தான் இந்த வீடியோ. மற்றவர்களும் இருந்து பாருங்கள், காசு கேட்கமாட்டேன்.

சரி, கணக்கைச் சொல்கிறேன். போகும்போது என் எடை 138 கிலோ, உயரம் 171 சென்டிமீட்டர். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற கணக்கு, 47. பன்னிரண்டு வருடம் பெற்றோல் செட்டில் இரவு வேலை. விடிய மூன்று மணிக்கு யாரும் வரமாட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற சொசேஜ் ரோலும் நானும் மட்டும்தான். இரண்டாம் வகை நீரிழிவு, பிரஷர், இரவில் முகத்தில் மாட்டுகிற மூச்சு மெஷின், எல்லாம் வந்து சேர்ந்தன.

இங்கே இங்கிலாந்தில் இந்தச் சத்திரசிகிச்சையை இலவசமாகச் செய்கிறார்கள். பொதுவாக பிஎம்ஐ 40க்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 35க்கு மேல் இருந்து நீரிழிவு போன்ற வருத்தமும் இருக்க வேண்டும். எங்களைப் போன்ற தெற்காசியருக்கு அந்த எல்லையை 2.5 குறைத்தே பார்க்கிறார்கள், ஏனென்றால் எங்களுக்குக் குறைந்த எடையிலேயே சுகர் வந்துவிடும். இது பலருக்குத் தெரியாது, உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். நான் வரிசையில்தான் நின்றேன். பொறுமை இல்லாமல் விலகினது நான்தான். தனியாரிடம் கேட்டபோது பத்தாயிரம் பவுண்ஸுக்கு மேல் சொன்னார்கள். இஸ்தான்புல் ஏஜென்ட் 3,200 சொன்னார். ஹொட்டேல், வான் வண்டி, எல்லாம் சேர்த்து.

ஏஜென்டோடு நடந்த வட்ஸ்அப் உரையாடலைப் பிறகு ஒருநாள் இருந்து வாசித்தேன். நான் கேட்ட கேள்விகளில் பாதி விலை பற்றியது. மீதியில் ஒன்று ஹொட்டேலில் காலைச் சாப்பாடு உண்டா என்பது! இரைப்பையை வெட்டப் போகிறவன் கேட்கிற கேள்வியா அது? "வீட்டுக்கு வந்த பிறகு ஏதும் நடந்தால் யாரிடம் போவது?" என்று மட்டும் ஒரு தடவையும் கேட்கவில்லை.

ஒரு நல்ல காரியம் செய்தேன். ஏஜென்ட் இடையில் "இரைப்பை போடொக்ஸ்" என்று இன்னொன்றை நீட்டினார், விலை இன்னும் குறைவு, வெட்டு இல்லை என்று. கூகிளில் தேடினேன். 2023 தொடக்கத்தில் துருக்கிக்குப் போய் அந்த ஊசியை இரைப்பையில் போட்டுக்கொண்டவர்கள் பலருக்கு பொட்டுலிசம் வந்திருக்கிறது, தசைகள் செயலிழந்து சிலர் அவசர சிகிச்சைப் பிரிவு வரை போயிருக்கிறார்கள். அதோடு அதை மூடிவிட்டேன். இன்னொன்று: துருக்கியில் வெளிநாட்டு நோயாளிகளை எடுக்கிற வைத்தியசாலைக்கும், கூட்டிவருகிற ஏஜென்சிக்கும் அந்த நாட்டுச் சுகாதார அமைச்சின் அனுமதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். 2017இல் வந்த விதி. வைத்தியசாலையினதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஏஜென்டினதைக் கேட்கவில்லை. அது பிறகு வரும்.

போக முன்னம் இரண்டு கிழமை ஈரல் டயட். மாச்சத்து, சீனி, கொழுப்பு எல்லாவற்றையும் குறைத்து புரத பானமும் சூப்பும். எங்கள் ஈரலில் கொழுப்பு படிந்து பெருத்திருக்கும், அது இரைப்பைக்கு மேலே குடை மாதிரிக் கிடக்கிறது. அது சுருங்காவிட்டால் டொக்டரால் அடியில் போக முடியாது. பெற்றோல் செட்டில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு செய்தேன் அந்த டயட்டை. மெடல் தர வேண்டும் எனக்கு.

இஸ்தான்புல்லில் வான் வண்டியில் ஆறு பேர். அயர்லாந்துத் தாயும் மகளும் இரண்டு பேரும் சேர்ந்தே வந்திருந்தார்கள். முதல் நாள் இரத்தம், ஈசிஜி, ஸ்கான், எண்டோஸ்கோப்பி. இரண்டாம் நாள் காலை ஒப்பரேஷன். வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டை. உள்ளே காற்றடித்து ஊதவைத்து, இரைப்பையில் ஐந்தில் நான்கு பங்கை ஸ்டேப்ளர் போட்டு வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் அளவுக் குழாய். எடுத்த பங்கு திரும்ப வராது. பசியைக் கிளப்புகிற கிரெலின் என்கிற ஹோர்மோன் அந்த வெட்டி எடுக்கிற பக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது, அதனால் முதல் மாதங்களில் பசி நன்றாகக் குறைந்துவிடும், எனக்கு இல்லவே இல்லை.

முழித்தபோது வயிறு வலிக்கும் என்று நினைத்தேன். வலித்தது தோள்மூட்டு. ஊதின காற்று மேலே போய் விலாவுக்குக் கீழே நிற்குமாம், அந்த வலி தோளில் தெரியுமாம். மருந்து "நட" என்பதுதான். இரவு பதினொரு மணிக்கு, பின்பக்கம் திறந்த அந்த அங்கியோடு, டிரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தில் நடக்கிறேன். தரை துடைத்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் தடியை நிறுத்திவிட்டு, "கெச்மிஷ் ஒல்சுன்" என்றார். தாதியிடம் கேட்டேன். கடந்து போகட்டும் என்று அர்த்தமாம், நோயாளியைக் கண்டால் துருக்கிக்காரர் சொல்வதாம். அறைக்கு வந்து கொஞ்சம் அழுதேன். மயக்க மருந்தின் வேலை என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த நாள் நீல நிறத் தண்ணீர் குடிக்கத் தந்தார்கள். தையலில் கசிவு இருந்தால் வயிற்றிலிருந்து வெளியே வரும் குழாயில் நீலம் தெரியும். எனக்குத் தெரியவில்லை. "சக்சஸ்" என்று கையைத் தட்டினார்கள். நானும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தம்பி, இந்த இடத்தைக் கவனி. கசிவு அன்றைக்கே வர வேண்டும் என்றில்லை. ஒன்று இரண்டு கிழமை கழித்தும் வரலாம். அதற்குள் நீ வீட்டில் இருப்பாய். காய்ச்சல், நாடித்துடிப்பு 120க்கு மேல், குறையாத வயிற்று வலி, மூச்சு வாங்குதல், இதில் எது வந்தாலும் ஏஜென்டுக்கு மெசேஜ் போட்டுக் காத்திருக்காதே, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போ.

நான்காம் நாள் பிளேன் ஏற்றுவதாகத்தான் பக்கேஜ். நான் பயந்து, சொந்தக் காசில் இன்னும் மூன்று நாள் நின்றேன். செய்ததிலேயே புத்தியான செலவு அதுதான். ஹொட்டேலில் பருப்புச் சூப்பை வடித்துத் தருவார்கள், எங்கள் பருப்புத் தண்ணீர் மாதிரியே இருக்கும், உப்புக் கொஞ்சம் கூட. இந்தச் சின்னக் கப்பைப் பாருங்கள், இருமல் மருந்து மூடி, 30 மில்லி. இதைக் குடித்து முடிக்கக் கால் மணி நேரம். காலுக்கு இறுக்கமான ஸ்டொக்கிங்ஸ், இரத்தம் உறையாமல் இருக்க ஒவ்வொரு நாளும் வயிற்றில் ஊசி, நானே குத்திக்கொள்வேன். நாலு மணி நேரப் பிளேனில் அரை மணிக்கொரு தடவை எழும்பி நடந்தேன். பக்கத்துக் கதிரைக்காரர் என்னைப் பயங்கரவாதி என்றே நினைத்திருப்பார்.

லண்டன் வந்து இரண்டாம் நாள், அதாவது ஒன்பதாம் நாள், வாந்தி தொடங்கியது. தண்ணீரும் நிற்கவில்லை. மனைவி ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தாள், அன்று முழுக்க உள்ளே போனது 280 மில்லி. ஏஜென்டுக்கு எழுதினேன். "நோர்மல் டியர், டிரிங்க் மோர்" என்று பதில், ஒரு இதயப் படமும். அதற்குப் பிறகு எழுதின ஏழு மெசேஜுக்கும் இரண்டு நீலக் கோடு மட்டும். இரவு இரண்டு மணிக்கு மனைவிதான் காரில் ஏற்றினாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் டொக்டர் முதலில் கேட்டது ஒப்பரேஷன் அறிக்கை. எடுத்துக் கொடுத்தேன். முழுக்கத் துருக்கி மொழி. அந்த டொக்டர் பிள்ளை போனைப் பிடித்து மொழிபெயர்த்துப் பார்க்கிறாள், "குழாய் வயிறு" என்று வருகிறது. துருக்கியில் இந்த ஒப்பரேஷனுக்குப் பெயரே அதுதானாம். மற்றது ஒன்றும் விளங்கவில்லை, எந்த அளவில் வெட்டினார்கள், என்ன மருந்து தந்தார்கள், ஒன்றும். சிடி ஸ்கான் எடுத்து, கசிவு இல்லை என்று கண்டபிறகுதான் மனைவி கதிரையில் உட்கார்ந்தாள். உடம்பில் தண்ணீர் வற்றினதுதான் வருத்தம். சேலைனோடு பி1 விட்டமினும் ஏற்றினார்கள். நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் அது குறைந்து மூளையையும் நரம்பையும் தாக்கிவிடுமாம். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

தம்பி, இனி உனக்கு. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் டிக்கெட்டுக்கு முதல் உன் குடும்ப டொக்டரிடம் போய்ச் சொல்லு. மறைக்காதே, நான் மறைத்தேன். இங்கே செய்தால் குறைந்தது இரண்டு வருடம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், டயட்டீஷியன், இரத்தப் பரிசோதனை எல்லாம். வெளியில் செய்தால் அதை யார் செய்வது என்று இப்போதே கேட்டு வை. சாதாரணப் பயணக் காப்புறுதி, திட்டமிட்டுப் போகிற சிகிச்சைக்குக் காசு தராது, அதற்கென்று தனியாக எடுக்க வேண்டும். அறிக்கையை ஆங்கிலத்தில் வாங்காமல் வைத்தியசாலையை விட்டு வெளிக்கிடாதே. டொக்டரின் நேரடி நம்பர் வாங்கு, ஏஜென்டினது வேண்டாம். இன்னும் ஐந்நூறு பவுண்ஸ் தனியாக வை, கூட நாள் நிற்க வேண்டி வரும்.

இப்போது எப்படி என்றால், 112 கிலோ. சுகர் குளிசையை டொக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார். மூச்சு மெஷின் இன்னும் இருக்கிறது. தலைமயிர் மூன்றாம் மாதத்திலிருந்து கொட்டுகிறது, குளித்தால் தண்ணீர் போகிற ஓட்டையில் ஒரு பூனை கிடப்பது மாதிரி. ஒரு நாளைக்கு 60 கிராமுக்கு மேல் புரதம் உள்ளே போக வேண்டும், திரும்ப வளரும் என்கிறார்கள். பி12, இரும்பு, கல்சியம், டி, எல்லாம் வாழ்க்கை முழுக்க. நெஞ்செரிவு புதிதாக வந்திருக்கிறது. தலையிடித்தால் ஐபுபுரோஃபன் போடக் கூடாது, பரசிட்டமோல்தான்.

புட்டு பற்றிக் கேட்பீர்கள். எட்டாம் கிழமை அம்மா மானிப்பாயிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சின்ன உருண்டை வாயில் வைத்தேன். நெஞ்சுக்கு நடுவில் போய் நின்றது, சீமெந்து மாதிரி. அரை மணி நேரம் நின்றது. "பிள்ளை, தேங்காய்ப்பூ காணாதோ?" என்கிறார் அம்மா. அவருக்கு இன்னும் நான் சொல்லவில்லை. இந்த வீடியோவை யாராவது காட்டுவதற்குள் நான் இன்று இரவே போன் எடுக்க வேண்டும்.

பசி இல்லை என்றேன். ஆனால் மூன்று மணிக்குக் கை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் போகிறது. தானாகப் போகிறது. அதற்கு ஒரு ஒப்பரேஷனும் இல்லை, போன கிழமைதான் ஒரு உளவியல் ஆலோசகரிடம் பெயர் கொடுத்திருக்கிறேன். போனபிறகு சொல்கிறேன்.

இந்தா, அடிக்கிறது. பொறுங்கள்.

...

ஆ. ஒரு மிடறு, இரண்டு. போதும். பத்து மணிக்கு ஷிப்ட், நான் வெளிக்கிட வேண்டும். அம்மாவுக்கு அங்கே இப்போது நடுச்சாமம், எழுப்பினால் ஏசுவார். எழுப்பத்தான் வேண்டும்.