பெட்டிக்குள் 16 சீட்டுகள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கிரிக்கெட் பார்க்கும் வீடுகளில், ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்த நேரத்தில் விக்கெட் விழுந்துவிட்டால், ஆட்டம் முடியும்வரை அவரை எழுந்திருக்க விடாமல் உட்கார வைத்துவிடும் வழக்கத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவர் எழுந்தும் விக்கெட் விழாத நேரங்கள் எத்தனை என்பதை மட்டும் யாரும் எண்ணி வைப்பதில்லை. எண்ணாமல் விடப்படும் அந்தப் பக்கத்தையும் எண்ண வேண்டும் என்பதே, புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியனாக நான் பல ஆண்டுகளாக மாணவர்களிடம் வலியுறுத்தி வரும் செய்தி. அதை இன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸை வைத்துச் சொல்ல விரும்புகிறேன். 1990களில் அந்நகரில் மாணவனாக இருந்தபோது அது என் அணியாயிற்று. இன்றும் என் அணிதான்.

அந்த அணியைப் பற்றிய பெரிய நம்பிக்கை ஒரு சாபம். பேஸ்பாலின் உச்சப் போட்டியான வேர்ல்டு சீரிஸை 1903இல் முதன்முதலில் வென்ற அணி ரெட் சாக்ஸ். 1918க்குள் ஐந்து முறை வென்றுவிட்டது. 1919 டிசம்பரில் அணியின் உரிமையாளர், பேப் ரூத் என்ற ஈடு இணையற்ற ஆட்டக்காரரை ஒரு லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றார். அதுவரை ஒருமுறைகூட வெல்லாத யாங்கீஸ், 2003க்குள் 26 முறை வென்றது. ரெட் சாக்ஸோ 2004இல் மீண்டும் வெல்லும்வரை ஒருமுறையும் வெல்லவில்லை. 1946, 1967, 1975, 1986 ஆகிய நான்கு ஆண்டுகளில் இறுதிக்கு வந்தது. நான்கு முறையும், ஏழு ஆட்டத் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம்வரை சென்று தோற்றது. இதைக் கேட்ட எவருக்கும் சாபம் என்ற சொல் நாவில் வருவது இயல்பே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ரூத்தை விற்ற பாவம் என்ற இந்தப் பேச்சு பரவியது 1986 தோல்விக்குப் பிறகுதான். முடிவுகளைப் பார்த்த பின் உருவான நம்பிக்கையை, அதே முடிவுகளைக் கொண்டு மெய்ப்பிக்க இயலாது.

நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு முதியவர் இருந்தார். தொலைக்காட்சி இருந்தும், ஆட்டத்தை வானொலியில் கேட்டபடி, கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு பந்தின் விளைவையும் பென்சிலால் குறித்துக்கொண்டே போவார். (வானொலியில் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: 1963இல் பேஸ்பால் உத்திகளைக் கணிதத்தால் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்ட கனடாவின் ஜார்ஜ் லிண்ட்சேக்கு, வானொலி ஒலிபரப்பைக் கேட்டு நூற்றுக்கணக்கான ஆட்டங்களைக் குறித்துக் கொடுத்தவர் அவருடைய தந்தை. இந்தத் துறையின் வேரில் வானொலிக்கும் பங்கு உண்டு.) அந்த முதியவர் சாபத்தை முழுமையாக நம்பினார். பனி கொட்டிய ஒரு மாலையில், "சாபம் இல்லையென்றால், இவ்வளவு காலம் ஓர் அணி எப்படி வெறுங்கையோடு நிற்கும்?" என்று கேட்டார். காகிதத்தில் விடை சொல்வதைவிடக் கையால் செய்து பார்ப்போம் என்றேன்.

நம் ஊர்க் குலுக்குச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் பெயர் விழுந்துவிட்டால் அந்தப் பெயரை மறுபடியும் போடமாட்டார்கள். ஆகவே கடைசி மாதத்துக்குள் எல்லோருக்கும் முறை வந்துவிடும். விளையாட்டிலும் அப்படித்தான், பொறுத்திருந்தால் நம் முறை வந்தே தீரும் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் வேர்ல்டு சீரிஸில் வென்றவர் பெயரும் அடுத்த ஆண்டு திரும்பப் பெட்டிக்குள் போகிறது. இந்த ஒரு வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது.

வேர்ல்டு சீரிஸுக்குப் போட்டியிடும் பெரிய லீக்குகளில் 1960 வரை இருந்தவை 16 அணிகள். 16 பெயர்களையும் தனித்தனித் துண்டுகளில் எழுதி, காலியான ஒரு பிஸ்கட் டின்னில் போட்டோம். 1919 முதல் 1960 வரை 42 ஆண்டுகள். ஆகவே 42 முறை குலுக்கி, எடுத்த பெயரை அவர் நோட்டில் குறித்ததும் மீண்டும் டின்னுக்குள் போட்டோம். அவர் விரல்களுக்கு வாதம். துண்டுகளை மடிக்க நேரம் எடுத்தது, ஆனாலும் என்னை மடிக்க விடவில்லை. 42ஆம் முறை எடுத்து முடித்தபோது, பிட்ஸ்பர்க் அணியின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. அவர் நோட்டை இரண்டு முறை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தார். பிறகு டின்னைக் கவிழ்த்து, பிட்ஸ்பர்க் துண்டு உள்ளே இருந்ததா என்றும் பார்த்தார். இருந்தது. "பிட்ஸ்பர்க்கைச் சபித்தது யார்?" என்று மெல்லக் கேட்டார்.

அது எங்களுக்கு வாய்த்த அதிசயமன்று. 16 பெயர்களில் 42 முறை எடுத்தால், ஒரு குறிப்பிட்ட பெயர் வராமலே போக ஏறத்தாழ 15இல் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே சராசரியாக ஒரு பெயராவது விடுபட்டுவிடும். நீங்களும் இன்று மாலை வீட்டில் செய்து பார்க்கலாம்.

இங்கேயே நிறுத்தினால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். உண்மையில் அந்த 42 ஆண்டுகளில் வெல்லாமல் இருந்தவை ஒன்றல்ல, ஐந்து அணிகள். 1919 முதல் 2003 வரை, போட்டி நடக்காத 1994ஐ நீக்கினால் 84 வேர்ல்டு சீரிஸ்கள். அணிகள் 16இலிருந்து 30 ஆனதையும் சேர்த்துக் கணக்கிட்டால், எல்லோருக்கும் சம வாய்ப்பு என்ற நிலையில் ரெட் சாக்ஸ் ஒன்றையும் வெல்லாதிருக்க 85இல் ஒரு பங்குதான் வாய்ப்பு. ஆயினும் பழைய 16 அணிகளில் மூன்று அப்படி நின்றன: ரெட் சாக்ஸ், சிகாகோவின் கப்ஸ், அதே நகரின் ஒயிட் சாக்ஸ். ரூத்தை விற்காத சிகாகோவுக்கும் அதே கதி என்றால், நம் சமவாய்ப்புக் கணக்கில்தான் பிழை இருக்கிறது. பிழை எங்கே என்பது வெளிப்படை: ஒரே அணி 26ஐ எடுத்துக்கொண்டது. அந்த 26ஐ ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மற்ற அணிகளுக்குள் குலுக்கினால், 85இல் ஒன்று 23இல் ஒன்றாக மாறுகிறது. பழைய 15 அணிகளில் ஏதேனும் ஒன்று அப்படி நிற்க ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் நின்றவை மூன்று. வியப்பு பெருமளவு சுருங்குகிறது. மீதி கொஞ்சம் நிற்கிறது.

அந்த மீதியைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரரை தன் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்குக்கு வரவழைத்து ஆடிக் காட்டச் சொன்னது ரெட் சாக்ஸ், ஆனால் சேர்த்துக்கொள்ளவில்லை. 1947இல் அவர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் ஆடி, பெரிய லீக்குகளில் கறுப்பின வீரர்களுக்கு இருந்த தடையை உடைத்து வரலாறு படைத்தார். 16 அணிகளில் கறுப்பின வீரர் ஒருவரைக் கடைசியாகக் களமிறக்கியது ரெட் சாக்ஸ்தான். அந்த வீரர் பம்ப்சி கிரீன் ஆடியது 1959 ஜூலையில், அதாவது 12 ஆண்டுகள் கழித்து. ஒரு தலைமுறையின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் பலருக்குக் கதவை மூடிவைத்த நிர்வாகம், தோல்விக்குக் காரணம் ரூத்தின் சாபம் என்று ஊரே பேசும்போது, பதில் சொல்லும் கடமையிலிருந்து தப்பிவிடுகிறது. நம்பிக்கையை எண்ணிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். மீண்டும் சொல்கிறேன், இதற்காகத்தான்.

ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர் பில் பக்னருக்கு நேர்ந்த அநீதியும் இதே வகைதான். 1986இல் பந்தைக் கால்களுக்கிடையே நழுவவிட்டு வேர்ல்டு சீரிஸையே தோற்கடித்தவர் என்று அவர் பெயர் கெட்டது. ஆட்டக் குறிப்பைப் பார்த்தால், அந்தப் பந்து வருவதற்கு முன்பே பந்து வீசுபவரான பிட்சரின் கைதவறிய வீச்சால் ஆட்டம் சமநிலைக்கு வந்துவிட்டிருந்தது. அது ஆறாவது ஆட்டம், ஏழாவதும் மீதி இருந்தது. அந்த ஏழாவதிலும் ரெட் சாக்ஸ் 3-0 என்று முன்னணியில் இருந்துதான் தோற்றது.

ஃபென்வேயில் இடது பக்கம் 37 அடி உயரச் சுவர் ஒன்று, மற்ற மைதானங்களைவிட நெருக்கமாக நிற்கிறது. இடக்கைப் பிட்சர்களை எளிதில் அடிக்கும் வலக்கை ஆட்டக்காரர்களின் பந்து பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும்; அதனால் இடக்கைப் பிட்சர்கள் அங்கே தேறமாட்டார்கள் என்பார்கள். ரெட் சாக்ஸின் இடக்கைப் பிட்சரான மெல் பார்னெல் அங்கே 71 ஆட்டங்களில் வென்று 30இல் தோற்றார்; வெளி மைதானங்களில் 52இல் வென்று 45இல் தோற்றார். ஒருவரை வைத்து எதிர்விதி எழுத முடியாது, ஆனால் பழைய விதியைச் சந்தேகிக்க இது போதும்.

நேரம் முடியப்போவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. நெருக்கடியில் மட்டும் ஓங்கி ஆடும் தனித் திறமை உண்டா என்பதைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். 1977இல் ரிச்சர்ட் கிரேமர் என்பவர், 1969இல் நெருக்கடியில் சிறந்தவர்கள் 1970இலும் சிறந்தார்களா என்று ஒப்பிட்டார். அப்படித் தொடரும் தடம் அவருக்குத் தென்படவில்லை. இருப்பினும் 2004 அக்டோபரில், வேர்ல்டு சீரிஸுக்கு முந்தைய தொடரில் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களை இழந்து நின்ற ரெட் சாக்ஸுக்கு, நான்காவது ஆட்டத்தையும் ஐந்தாவது ஆட்டத்தையும் தன் அடியால் முடித்துக் கொடுத்தவர் டேவிட் ஆர்ட்டிஸ். அவர் அந்த இரவுகளில் அடித்தது நடந்த உண்மை. அதை எந்தக் கணக்கும் குறைக்காது. அடுத்த அக்டோபரிலும் அடிப்பார் என்று முன்கூட்டிச் சொல்லத்தான் கணக்கு வேண்டும். அந்தக் கணக்குக்கு இன்று நேரம் இல்லை. வணக்கம்.