இரண்டு நாள் லீவு, இரண்டு பேர்: எந்த ஊருக்கு இறங்குவது?

வணக்கம் நேயர்களே.

ஊட்டிக்கு வருகிறவர்களுக்கு யோசனை சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. எந்த லாட்ஜ், எந்த ஏரி, எந்தக் கடையில் வர்க்கி வாங்கலாம் என்று ஆட்டோ ஸ்டாண்டிலேயே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் வருஷம் முழுக்க ஸ்வெட்டரும் குடையுமாக இங்கேயே கிடக்கிற நமக்கு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திடீரென்று இரண்டு நாள் லீவு அமைந்துவிட்டால், கணவனும் மனைவியுமாக எந்த ஊருக்கு இறங்குவது? இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

குன்னூரில் பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட் போட்டுக்கொடுக்கும் சின்னக் கடை வைத்திருந்தவன் நான். பணத்தை வாங்கினோம், டிக்கெட்டைக் கொடுத்தோம் என்று முடிகிற வேலை இல்லை அது. பாதிப் பேர் எந்த ஊர் என்பதையே கடைக்கு வந்து நின்றுகொண்டுதான் முடிவு செய்வார்கள். அவர் ஒரு ஊர் சொல்வார், அந்தம்மா ஒரு ஊர் சொல்வார், நடுவில் நான். பின்னால் நிற்கிறவர் பொறுமை போய் அவர் பங்குக்கு ஒரு ஊர் சொல்வார்.

அப்போதிலிருந்து நான் விடாமல் சொல்லிவரும் விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் கேலி செய்கிற அளவுக்குச் சொல்லியாகிவிட்டது. எந்த ஊர் என்று முதலில் பேசாதீர்கள். எத்தனை மணிக்குத் திரும்பி மலை ஏற வேண்டும் என்று முதலில் பேசுங்கள். அது முடிவானால் ஊர் தானாக வந்து நிற்கும்.

ஏன் என்றால், கீழே இருப்பவர்களுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தாலும் ஒன்றுமில்லை. நமக்கு அப்படியா? கடைசி ஒன்றரை மணி நேரம் மலைப்பாதை. கல்லாறு தாண்டி பர்லியாறு வரைக்கும் ராத்திரியில் யானை நடமாட்டம். அதற்கு மேலே பனிமூட்டம் இறங்கிவிட்டால் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்குதான் வழிகாட்டி. இரண்டு நாள் சந்தோஷமாகச் சுற்றிய புருஷனும் பெண்டாட்டியும் அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரத்தில், "நான்தான் நாலு மணிக்கே கிளம்பலாம்னு சொன்னேனே" என்று ஆரம்பித்தார்கள் என்றால், போய்வந்த சுகம் அத்தனையும் அங்கேயே போய்விடும்.

சரி, நமக்கு என்னதான் வேண்டும்? சென்னைக்காரர் குளிரைத் தேடி இங்கே வருகிறார். நாம் கீழே போய் எதைத் தேடுகிறோம்? கடையில் வந்து நின்றவர்களைக் கேட்டவரை இரண்டுதான். ஒன்று, வெயில். ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது, கோவை வெயிலில் அரைக்கைச் சட்டையோடு நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்குத்தான் தெரியும். மேட்டுப்பாளையம் போகிற பஸ்ஸில் பாருங்கள். பர்லியாறு வருவதற்குள் ஒவ்வொருவராக ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைப்பார்கள், மஃப்ளர் பைக்குள் போகும், காது அடைத்து 'டப்' என்று திறக்கும். 1,500 மீட்டர் இறங்குகிறோம் இல்லையா!

இரண்டாவது, சமதரை. இதைச் சொன்னால் கீழே இருப்பவர்கள் சிரிப்பார்கள். நம் ஊரில் பால் வாங்கப் போனால் இறக்கம், வாங்கிக்கொண்டு வந்தால் ஏற்றம். இரண்டு பேர் ஜோடியாகப் பேசிக்கொண்டே நடப்பது என்பது நடக்காத காரியம். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது கால் வழுக்காமல் பார்க்க வேண்டும். பேச்சு எங்கே வரும்?

இதற்கு ஒரு கதை சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பரவாயில்லை. அவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஜனவரியில் பனி விழுந்தால் கொழுந்து வரத்து குறைந்துவிடும், உங்களுக்கே தெரியும். ஃபேக்டரி வாரத்தில் சில நாள்தான் ஓடும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். அவருக்கு சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் ஓய்வு. டீச்சருக்குத் திங்கள்கிழமை காலை பள்ளிக்கூடம் போயாக வேண்டும்.

"அண்ணா, மைசூர் போறோம், பஸ் எப்போன்னு பாருங்க" என்றார் அவர். எதற்கு மைசூர் என்றேன். "அரண்மனை லைட் பார்க்கணுங்க." நியாயமான ஆசை. பழைய மர அரண்மனை 1897இல் தீப்பிடித்து எரிந்தது. அதற்குப் பிறகு ஹென்றி இர்வின் வரைபடத்தில் எழும்பி 1912இல் முடிந்ததுதான் இப்போது இருப்பது. ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளும் சாயங்காலம் ஏழு மணிக்கு லட்சம் பல்பு அளவுக்கு ஒரே சமயத்தில் எரியும். பார்க்க வேண்டிய காட்சிதான், மறுக்கவில்லை.

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். தம்பி, எப்போ திரும்பறீங்க? "ஞாயிறு ராத்திரி, லைட் பார்த்த கையோட." சரி, கணக்குப் பார்ப்போம் என்றேன். விளக்கு ஏழு மணிக்கு. கூட்டத்திலிருந்து வெளியே வரவே எட்டு மணி. மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை தாண்டி பந்திப்பூர் செக்போஸ்ட் வர ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. 2009 முதல் பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடிவிடுகிறார்கள், காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். விதிவிலக்கு பெற்ற சில அரசுப் பேருந்துகளும் ஆம்புலன்ஸும்தான் போகலாம். நீங்கள் செக்போஸ்டில் உட்கார்ந்திருப்பீர்கள், டீச்சருடைய வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்.

டீச்சர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஏங்க, இதைத்தானே நானும் வீட்ல கேட்டேன்" என்று ஒரே வார்த்தை. அவர் கடைச் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

பிறகு நான் டீச்சரைக் கேட்டேன், உங்களுக்கு என்னம்மா ஆசை என்று. யாரும் அவரை அதுவரை கேட்டதாகத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்து, "எனக்கு அரண்மனை எல்லாம் வேண்டாங்க. மூச்சு வாங்காம ஒரு மணி நேரம் நடக்கணும், யாராவது சமைச்சுப் போடணும்" என்றார். அதற்கு மைசூர் எதற்கு? கோவைக்குப் போங்கள் என்றேன். "கோயமுத்தூரா! ஆஸ்பத்திரிக்கும் கல்யாணப் புடவை எடுக்கவும் போற ஊருக்கா?" என்றார் கணவர்.

இதுதான் நம் ஆட்களிடம் எனக்குள்ள குறை. கோவை என்றால் வேலையாகப் போய் வேலையாகத் திரும்புகிற ஊர் என்றே வைத்துவிட்டோம். எத்தனை பேர் பேரூர் கோயிலுக்குப் போயிருக்கிறோம்? பட்டீஸ்வரர் சந்நிதியோடு நிற்காமல் கனகசபை மண்டபத்துக்குள் போய் நிமிர்ந்து பாருங்கள். கூரையிலிருந்து கல் சங்கிலி தொங்கும், வளையத்துக்குள் வளையம், எல்லாம் கல். தூண்களில் ஆளுயரத்துக்கு மேல் சிற்பங்கள், நாயக்கர் காலத்து வேலை. பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலோ நாலு மணிக்கு மேலோ போங்கள். சாயங்காலம் உக்கடம் பெரியகுளம். கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஏற்றமில்லை, இறக்கமில்லை. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் ஊர்.

அவர்கள் அங்கேதான் போனார்கள். சனிக்கிழமை காலை இறங்கி, ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, இருட்டுவதற்குள் குன்னூர். அடுத்த வாரம் டீச்சர் கடைக்கு வந்து, "குளத்தங்கரையில் இவர் பேசிக்கிட்டே வந்தாருங்க, கல்யாணமான புதுசுல பேசினது மாதிரி" என்றார். அவரோ, "எல்லாம் சரி, மைசூர் பாக்கி இருக்கு" என்றார். போகட்டும். மூன்று நாள் லீவு வரும்போது ஞாயிறு ராத்திரி அங்கேயே தங்கி, திங்கள் காலை ஆறு மணிக்கு மேல் புறப்பட்டு வரட்டும். நான் மைசூருக்கு எதிரி இல்லை. திரும்பும் நேரம் தெரியாமல் மைசூருக்குப் போவதற்குத்தான் எதிரி.

அடுத்தது அறை. கடைசி நேரத்தில் கிளம்புகிறவர்கள் எல்லோரும் போனில் ஆஃபர் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது தினசரி காலண்டர். முகூர்த்த நாளா என்று பாருங்கள். முகூர்த்தம் என்றால் கோவையிலும் மதுரையிலும் நல்ல லாட்ஜில் பாதி அறை பெண் வீட்டாருக்கு, மீதி மாப்பிள்ளை வீட்டாருக்கு. மிச்சம் மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை இருக்கும், அதற்கும் முழு வாடகை. அதே ஊரில் மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் கிடையாது, அறை சுலபமாகக் கிடைக்கும். மார்கழிக் குளிரில் நமக்கும் கீழே இறங்கத் தோன்றும், கணக்கு சரியாகப் போகும். கோயில் ஊர் என்றால் மட்டும் ஐயப்ப சாமிமார் கூட்டத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன் செய்து இதையும் கேளுங்கள்: செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ச் சேருகிறவருக்கு 24 மணி நேர லாட்ஜ் என்றால் மறுநாள் நாலு மணிவரை அறை நம்முடையது. 12 மணி லாட்ஜ் என்றால் மறுநாள் மத்தியான வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். வாடகையில் இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். இரண்டு பேருடைய ஆதாரும் கையில் இருக்கட்டும்.

சொந்த வண்டி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. டி.என். 43 என்று நீலகிரியில் பதிவான நம் வண்டிக்கு, மலை ஏற ஆன்லைனில் வாங்கும் இ-பாஸ் அனுமதி தேவையில்லை. ஆனால் கோவையில் வாடகைக் கார் பிடித்துத் திரும்புகிறீர்கள் என்றால், அந்த வண்டிக்கு வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இப்படித்தான். கல்லாறு செக்போஸ்டில் நின்றுகொண்டு போனைத் தடவாதீர்கள். கோடை சீசனில் ஒருவழிப்பாதையும் ஆக்கிவிடுவார்கள்: ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. குன்னூர்க்காரர்கள் கோத்தகிரி சுற்றித்தான் இறங்க வேண்டும். அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலை ரயிலில் இறங்கலாமே என்று கேட்பார்கள். அழகுதான், ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் 46 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம். கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது அரிது, ஐப்பசி மழையில் பாதையில் மண் சரிந்தால் ரயிலே கிடையாது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கொடைக்கானல் நேயர்கள், "எங்களை மறந்துட்டீங்களா" என்பீர்கள். உங்களுக்கு மதுரை இருக்கிறது, மூன்று நாலு மணி நேரத்தில் வத்தலக்குண்டு வழியாகப் போய்ச் சேரலாம். எங்களுக்கு அது ஒரு பகல் முழுக்கப் பயணம். மீனாட்சியம்மன் கோயிலில் ஒரு சாயங்காலம், ராத்திரி கறிதோசை, ஜிகர்தண்டா, காலையில் நாயக்கர் மகால். இரண்டு நாளுக்கு அது தாராளம். சித்திரைத் திருவிழா சமயத்தில் மட்டும் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். திரும்பும்போது இருட்டுவதற்குள், மலைப்பாதை தொடங்கும் காட்ரோட்டைத் தாண்டி மேலே ஏறிவிட வேண்டும் என்பதை நான் இன்னொரு தரம் சொல்லத் தேவையில்லை.

கோழிக்கோட்டைப் பற்றி விரிவாகச் சொல்லலாம் என்று குறித்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். சுருக்கமாகச் சொல்கிறேன். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கோவையைவிட இதுதான் தோது. நாடுகாணி இறங்கி நிலம்பூர் வழியாகப் போகலாம். காடும் கடலும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கடற்கரையில் சாயங்காலம் உப்பில் ஊறிய நெல்லிக்காயும் மாங்காயும் விற்பார்கள், அதைக் கடித்துக்கொண்டே சமதரையில் நடக்கலாம். மிட்டாய்த் தெருவில் அல்வா வாங்குங்கள். 2023இல் யுனெஸ்கோ இலக்கிய நகரம் என்று அறிவித்த ஊர், புத்தகக் கடையும் பாருங்கள். ரம்ஜான் நோன்பு மாதத்தில் பகலில் பல சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், ராத்திரியில்தான் ஊர் களைகட்டும்.

அப்புறம் தட்கல், அதாவது ரயிலில் கடைசி நேர முன்பதிவு. கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள், ஏ.சி.க்குக் காலை 10 மணி, சாதாரண ஸ்லீப்பருக்கு 11 மணி. ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை முன்னாடியே இணைத்து வையுங்கள். போகும் டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் வரும் டிக்கெட்டை விட்டுவிடாதீர்கள். சரி, நேரம் முடிந்தது. வணக்கம்.